18 வயதில் ரைசிங் ஸ்டார், 19 வயதில் லீகின் சிறந்த ஆட்டக்காரி: மேடி பிரெஸ்பாகிஸ் பற்றிப் பேசுவோமா?

நடுவட்டம்:
இரண்டு நாளாகப் பழைய ஆட்டங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் தேசியப் பெண்கள் ஃபூட்டி லீகில் 2019-ல் தொடங்கி 2020 வரை, கார்ல்டன் பெண்கள் அணி. ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது, அதனால்தான் இந்த இழை.

ஃபூட்டி, அதாவது ஓவல் பந்தில் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து, பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: மேடிசன் பிரெஸ்பாகிஸ் 2000 நவம்பரில் பிறந்தவர். மெல்பர்னுக்கு வடக்கே ராம்ஸி என்ற சின்ன ஊர்க்காரர். கால்டர் கேனன்ஸ் என்ற 18 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிவிட்டு, 2018 அக்டோபரில் நடந்த டிராஃப்டில் (கிளப்புகள் புது ஆட்டக்காரிகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) மூன்றாவது ஆளாகக் கார்ல்டனுக்குப் போனார். அடுத்த பிப்ரவரியில் களம் இறங்கினார். அந்த ஒரே பருவத்தில் லீகின் சிறந்த இளம் ஆட்டக்காரிக்கான ரைசிங் ஸ்டார் விருது, கூடவே சொந்த கிளப்பின் சிறந்த ஆட்டக்காரி விருது. மறு ஆண்டு லீகுக்கே சிறந்த ஆட்டக்காரி. அப்போது வயது 19. அதுவரை அந்த விருதை வாங்கியவர்களில் இவர்தான் இளையவர்.

இனி என் கேள்வி. 19 வயதுப் பெண் ஒரு தேசிய லீகில் முதல் இடத்துக்கு வருகிறார் என்றால், அது அவருடைய பெருமையா, லீகின் பலவீனமா? ஆண்களின் தேசிய லீகான ஏ.எஃப்.எல்.லில் இந்த வயதில் பெரும்பாலானவர்கள் ரிசர்வ் அணியில் உடம்பு தேற்றிக்கொண்டிருப்பார்கள். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் முதலில் உங்களுடையதைக் கேட்கிறேன்.

எண்கணக்கு:
லீகின் பலவீனம்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 2020-ல் மொத்தம் 14 அணிகள். கொரோனா வந்ததால் வழக்கமான சுற்றுகள் ஆறோடு முடிந்தன. பாதி அணிகளை எதிர்த்து ஆடக்கூட இல்லை. ஆறு ஆட்டங்களில் நடுவர்கள் ஆட்டத்துக்கு மூன்று பேருக்குப் போட்ட 3-2-1 வாக்குகளைக் கூட்டி ஒருவரை “சிறந்தவர்” என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கோப்பை கொடுப்பது மாதிரி இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தை இழிவாகப் பேசவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன்.

மழைக்காகம்:
@எண்கணக்கு, அந்த ஆறு ஆட்டம் எல்லாருக்கும்தானே ஆறு? ஃப்ரிமேன்டிலில் கியாரா பவர்ஸ் ஆடினார், அடிலெய்டில் எபனி மாரினோஃப் ஆடினார். அவர்களுக்கும் அதே சுற்று, அதே நடுவர். குறைந்த ஆட்டங்களில் யாராவது ஒருவர் குருட்டு அதிர்ஷ்டத்தில் மேலே வரலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ரைசிங் ஸ்டார் வாங்கியதும் இதே பெண். இரண்டு வருஷமும் அதிர்ஷ்டமா?

எண்கணக்கு:
முந்தைய ஆண்டும் ஏழு சுற்றுதான். :)

சுண்டல்வண்டி:
எனக்கு ஒன்று புரியவில்லை. கையால் தட்டுகிறார்கள், காலால் உதைக்கிறார்கள், நான்கு கம்பம் நட்டிருக்கிறது, நடுவர் இரண்டு கொடி ஆட்டுகிறார். மிட்ஃபீல்டர் என்றால் என்ன வேலை? யாராவது சொல்லுங்கள், அப்புறம் சண்டையைத் தொடரலாம்.

நடுவட்டம்:
@சுண்டல்வண்டி, நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை வீசக்கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் தட்ட வேண்டும், அதுதான் ஹேண்ட்பால். எதிராளி உதைத்ததோ நம் ஆள் உதைத்ததோ, பந்து 15 மீட்டராவது பறந்து வந்து தரையைத் தொடாமல் கையில் விழுந்தால் மார்க். பிடித்தவருக்குத் தடையில்லாமல் உதைக்க உரிமை.

மிட்ஃபீல்டர்தான் நெரிசலுக்குள் இறங்கும் ஆள். நடுவர் பந்தை மேலே தூக்கிப் போடுவார், உயரமான இருவர் தட்டுவார்கள், கீழே ஏழெட்டுப் பேர் முட்டிமோதுவார்கள். அந்தக் குவியலிலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவது கிளியரன்ஸ். மேடியின் கைவண்ணம் அங்கேதான். பந்து கைக்கு வருவதற்கு முன்பே யாருக்குத் தட்டுவது என்று முடிவு செய்திருப்பார். குனிகிறார், பந்து போய்விட்டது. அவரைப் பிடிக்க வந்தவர் வெறும் ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேகமும் பெரிதில்லை, உயரமும் இல்லை. இதைத் துண்டுக் காணொளிகளில் பார்த்தால் புரியாது, முழு ஆட்டமாகப் பார்க்க வேண்டும்.

பழைய_கோல்கீப்பர்:
தம்பிமார், நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே டாண்டினோங்கில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். ஒரு கதை சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

என் மூத்த மகள் பக்கத்து வீட்டுப் பெடியன்களோடு சேர்ந்து ஓவல் பந்து உதைத்து வளர்ந்தவள். பத்துப் பதினொரு வயதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒருநாள் கிளப்பில் கூப்பிட்டு, இனிமேல் பெண்பிள்ளைகள் ஆடமுடியாது, விதி அப்படி என்று சொன்னார்கள். நெட்போல் ஆடச் சொன்னார்கள். அவள் ஆடவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கராஜில் போட்டாள், அவ்வளவுதான்.

அந்த விதியை எதிர்த்து மூன்று பெண்பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். பெனி குலா-ரீட் என்பவரும் இன்னும் இருவரும். 2003-ல் விக்டோரியாவின் தீர்ப்பாயத்துக்குப் போனது விஷயம். அந்த வழக்கின் விளைவாகத்தான் 2004-ல் பெண்பிள்ளைகளுக்கென்று தனி இளையோர் போட்டி தொடங்கியது. அப்போது இந்த மேடிக்கு மூன்று வயது. பெனி குலா-ரீட் என்ன ஆனார் தெரியுமோ? 2017-ல் பெண்கள் லீக் ஆரம்பித்தபோது கொலிங்வுட்டுக்கு ஆடினார்.

இப்போது பதில். 19 வயதில் இந்தப் பிள்ளை முதலாவதாக வந்ததற்குக் காரணம், இடையில் நிற்காமல் ஆடிக்கொண்டே வந்தது. அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் இடையில் ஐந்து, பத்து வருஷத்தைத் தொலைத்தவர்கள்.

நடுவட்டம்:
@பழைய_கோல்கீப்பர் ஐயா, நான் பொத்திவைத்திருந்த பதிலைப் போட்டு உடைத்துவிட்டீர்கள். :) பரவாயில்லை, அதற்கு எலும்பு சேர்க்கிறேன்.

மேடிக்கு முன்பு அந்த விருது மூன்று முறை கொடுக்கப்பட்டது. 2017-லும் 2019-லும் அடிலெய்டின் எரின் பிலிப்ஸ், 2018-ல் எம்மா கியர்னி. பிலிப்ஸின் கதையைப் பாருங்கள். 1985-ல் பிறந்தவர், அப்பா போர்ட் அடிலெய்டில் பேர்போன ஆட்டக்காரர். மகள் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தார், 13 வயதில் கதவு சாத்தப்பட்டது. பாஸ்கெட்பாலுக்குப் போனார். சும்மா போகவில்லை, அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. பட்டத்தை இரண்டு அணிகளோடு வென்றார், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பிறகு 31 வயதில் ஃபூட்டிக்குத் திரும்பி, வந்த முதல் ஆண்டிலேயே லீகின் சிறந்த ஆட்டக்காரி ஆனார்.

இப்போது எண்கணக்கு கேட்பார்: “பார்த்தீர்களா, 18 வருஷம் ஆடாதவர் வந்து ஜெயிக்கிறார், லீக் பலவீனம்தானே?” நான் வேறு மாதிரி படிக்கிறேன். பிலிப்ஸ் உலகத் தரத்தில் தொழில்முறை விளையாட்டு வாழ்க்கை வாழ்ந்தவர், ஆனால் வேறு விளையாட்டில். மேடி அந்தத் தொழில்முறைப் பயிற்சி இல்லாதவர், ஆனால் இந்த ஆட்டத்திலேயே ஊறியவர். லீகின் முதல் நான்கு ஆண்டுகளில் உச்சிக்குப் போக இந்த இரண்டு வழிதான் இருந்தன. முதல் வழி இனி தேவைப்படாது.

இருவரும் எதிரெதிரே நின்ற நாள் ஒன்று உண்டு. 2019 மார்ச் 31, அடிலெய்டு ஓவல், இறுதி ஆட்டம். வந்த கூட்டம் 53,034. அடிலெய்டு 63, கார்ல்டன் 18. ஆட்டமாகப் பார்த்தால் ஒருதலைப் போட்டி. மூன்றாவது குவார்ட்டரில் பிலிப்ஸின் முழங்கால் போனது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, கார்ல்டன் பெண்களும் வந்து தட்டிக்கொடுத்தார்கள். ஒரு பக்கம் 33 வயதுக்காரர், இன்னொரு பக்கம் ஏழெட்டு வாரங்களுக்கு முன்புதான் முதல் ஆட்டம் ஆடிய 18 வயதுப் பெண்.

எண்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கார்ல்டன் அந்த இறுதி ஆட்டத்துக்கு வந்ததே கோளாறான அமைப்பால்தான். அந்த ஆண்டு பத்து அணிகளை இரண்டு பிரிவாக வெட்டினார்கள். பலமான அணிகள் எல்லாம் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஐந்து வென்ற நார்த் மெல்பர்ன் வெளியே போனது, நான்கே வென்ற கார்ல்டன் தன் பிரிவின் முதல் இடத்தில் நின்றது. 18 புள்ளி எடுத்து அடி வாங்கியதில் ஆச்சரியமில்லை.

மழைக்காகம்:
இது மட்டும் முழுக்கச் சரி. அந்தப் பிரிவு முறையைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் ஒன்று: அதற்கு முந்தைய ஆண்டு கார்ல்டன் அட்டவணையின் கடைசி இடம். புதுப் பயிற்சியாளர் டேனியல் ஹார்ஃபோர்ட், கூடவே இந்த 18 வயதுப் பெண். அரையிறுதி மாதிரியான ஆட்டத்தில் ஃப்ரிமேன்டிலை 36 புள்ளி வித்தியாசத்தில் அடித்தார்கள். அதையும் அமைப்புதான் செய்ததா?

இன்னொன்று, டெய்லா ஹாரிஸின் புகழ்பெற்ற உதைப் படம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கால் தரையில் இல்லை, இன்னொரு கால் தலைக்கு மேலே. 2019 மார்ச்சில் எடுத்தது, அதே கார்ல்டன் அணி. அந்தப் படத்துக்குக் கீழே வந்த ஆபாசப் பேச்சைத் தாங்காமல் ஒளிபரப்பு நிறுவனம் படத்தையே நீக்கியது, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டது. செப்டம்பரில் ஃபெடரேஷன் சதுக்கத்தில் அதற்கு வெண்கலச் சிலையே வைத்தார்கள். அந்தப் படமும் சர்ச்சையும் மேடி லீகுக்குள் நுழைந்த முதல் இரண்டு மாதத்தில் நடந்த சங்கதி. ஓய்வறையில் பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவுக்கு இது நடக்கிறது என்றால் ஒரு 18 வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்!

வெரிபி_அம்மா:
எல்லாரும் பேசுகிறீர்கள், யாரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. மேடி பிரெஸ்பாகிஸுக்கு டைப் 1 சர்க்கரை.

நான் இந்த இழைக்கு வந்ததே அதற்குத்தான். என் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷம் முன்பு டைப் 1 என்று தெரிந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆஸ்கிக்கில் (சின்னப் பிள்ளைகளுக்கான ஃபூட்டி பயிற்சி) சேர்த்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளே “அம்மா, சனிக்கிழமை போகலாமா?” என்று கேட்டாள். எனக்கு உள்ளே நடுங்கியது. பயிற்சி கொடுத்த ஒருவர், நல்ல மனிதர்தான், “இவள் ஓரமாக நின்று பார்க்கட்டுமே” என்றார். அவர் பயந்ததில் தப்பில்லை, நானும்தான் பயந்தேன்.

விளையாடாத பெற்றோருக்கு இது புரியாது. சர்க்கரை ஒரே பக்கமாகப் போகாது. நிதானமாக நீண்ட நேரம் ஓடினால் இறங்கும். திடீர் திடீரென்று பாய்ந்தால், பதற்றம் கூடினால், அட்ரினலின் ஏறி சர்க்கரையும் ஏறும். ஃபூட்டியில் இரண்டும் உண்டு. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி தூக்கத்தில் இறங்குவது தனிக் கதை. சனிக்கிழமை இரவுகளில் எனக்குத் தூக்கம் அரைத்தூக்கம்தான். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் போனில் கத்தும், ஜூஸ் டப்பாவோடு எழுந்து போவேன்.

ஒரு மிட்ஃபீல்டர், நெரிசலுக்கு நடுவே இருக்கும் ஆள், முட்டி விழுந்து எழுந்து விழும் ஆள், இதையும் சமாளித்துக்கொண்டு லீகிலேயே முதல் ஆளாக வந்தார் என்று நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளுக்குப் படத்தைக் காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “இவங்க சென்சாரை எங்க ஒட்டுவாங்க?”

ஆறு ஆட்டமா, பதினாறு ஆட்டமா என்ற கணக்கு எனக்கு வேண்டாம்.

எண்கணக்கு:
@வெரிபி_அம்மா, இது எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. மேலே எழுதிய “பள்ளிக்கூட விளையாட்டு விழா” வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆறு ஆட்டம் குறைவு என்ற கருத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வெரிபி_அம்மா:
வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. :)

சுண்டல்வண்டி:
2020-ல் கோப்பை யாருக்குப் போனது என்று தேடினேன், யாருக்கும் இல்லை என்று வருகிறது. தப்பாகத் தேடிவிட்டேனா?

நடுவட்டம்:
சரியாகத்தான் தேடினீர்கள். அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த, ரொம்ப வலிக்கும் பகுதி. வழக்கமான சுற்றுகளை ஆறில் நிறுத்தினார்கள். உடனே இறுதிச் சுற்றுகள், ஆளில்லா அரங்கில். கார்ல்டன் பிரிஸ்பேனை அடித்தது. ஃப்ரிமேன்டில் அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நான்கு அணிகள் மிஞ்சின. மார்ச் 22-ந்தேதி எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள், சாம்பியன் என்று யாரையும் அறிவிக்கவில்லை. அடுத்த மாதம் விருது அறிவித்தபோது மண்டபம் கிடையாது, கூட்டம் கிடையாது. 19 வயதில் வாழ்க்கையின் பெரிய விருதை வாங்குகிறோம், தட்டிக்கொடுக்க ஓர் அணித்தோழி பக்கத்தில் இல்லை.

தோற்காத அணிக்குக் கோப்பை இல்லை, சிறந்த ஆட்டக்காரிக்கு மேடை இல்லை. லீகின் சின்ன வயதுக்கும் மேடியின் சின்ன வயதுக்கும் அப்படியொரு பொருத்தம்.

கிழக்குத்திண்ணை:
எல்லாரும் ஏறிய ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். அதே 2018 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனது யார்? நீனா மாரிசன், ஜீலாங். ஜீலாங்குக்கு அது முதல் பருவம், முதல் ஆட்டத்தில் கொலிங்வுட்டை ஒரே புள்ளியில் ஜெயித்தார்கள். நீனா அன்றைக்கு அசத்தினார். அடுத்த ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியில் முழங்கால் தசைநார் அறுந்தது. ஒரு ஆட்டத்தோடு பருவம் முடிந்தது. திரும்பி வந்தார், மறுபடியும் அதே கதை. அதற்கு முந்தைய ஆண்டின் முதல் தேர்வு இசபெல் ஹன்டிங்டனும் முழங்கால்தான். அவர் தேறிவந்து 2020-ல் ரைசிங் ஸ்டார் வாங்கினார்.

இந்த முழங்கால் தசைநார்க் காயம், அதாவது ஏ.சி.எல். காயம், பெண்கள் லீகில் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். இடுப்பு எலும்பின் அமைப்பு என்பார்கள், ஹார்மோன் என்பார்கள். நான் ஒரு பிசியோ, என்னைக் கேட்டால் பெரிய காரணம் வேறு. எட்டு வயதிலிருந்தே குதித்து இறங்கவும், திரும்பவும், இடி வாங்கவும் பழகிய உடம்பு ஒன்று. 20 வயதில் வேறு விளையாட்டிலிருந்து வந்து, வேலை முடிந்த பிறகு மாலையில் பயிற்சி செய்யும் உடம்பு இன்னொன்று. சரி, நீனா சின்ன வயதிலிருந்தே ஆடியவர்தானே என்பீர்கள். ஆமாம், அதனால்தான் என் வாதத்தில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

மூன்றாவது ஆள் மேடி நிமிர்ந்து நின்றார். முதல் ஆள் படுத்துவிட்டார். திறமையில் அவர்களுக்குள் அவ்வளவு வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய_கோல்கீப்பர்:
மாலைப் பயிற்சி என்றதும் காசு ஞாபகம் வந்தது. 2017-ல் இந்த லீக் தொடங்கியபோது சாதாரண ஆட்டக்காரிக்கு ஒரு பருவத்துக்கு 8,500 டொலர். அதை வைத்து மெல்பர்னில் ஒரு வருஷ வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது. டெய்ஸி பியர்ஸ் மருத்துவச்சி வேலை பார்த்துக்கொண்டு மெல்பர்ன் அணிக்குத் தலைவியாக இருந்தார். 2022-ல்தான் பெரிய உயர்வு: ஆகக் குறைந்த சம்பளம் 20,239-லிருந்து 39,184-ஆகியது. மேல்தட்டுக்கு 71,935. மேடி முதல் விருதுகளை வாங்கிய வருஷங்களில் இந்தக் காசெல்லாம் இல்லை. எண்கணக்குத் தம்பி, இந்தக் கணக்கையும் சேருங்கோ.

எண்கணக்கு:
சேர்த்தேன் ஐயா. :) சரி, நான் இன்னொரு கல்லை எறிகிறேன். 2022-ல் புது அணியான எஸென்டனுக்குத் தாவினாரே? கார்ல்டன் வளர்த்த பெண். அணி சரியத் தொடங்கியதும் கிளம்பிவிட்டார் என்று சொன்னால் கோபம் வருமா?

மழைக்காகம்:
வரும்! நான் கார்ல்டன் ஆதரவாளி, அந்தச் செய்தி வந்த அன்று டிவியை அணைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், கார்ல்டன் அவரை மூன்று வருஷமாக ஒரே வேலைக்குப் பயன்படுத்தியது. எதிரணிகளும் கற்றுக்கொண்டன. நிழல் மாதிரி ஒருத்தியை ஒட்டவிட்டால் போதும், கார்ல்டனின் நடு ஆட்டம் நின்றுவிடும். அவர் போனது எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் போனார் என்பது புரிகிறது.

எஸென்டனின் முதல் ஆட்டம் 2022 ஆகஸ்ட் 27, ஹாவ்தோர்னுக்கு எதிராக. சின்ன மைதானத்தில் வைத்திருந்தார்கள், டிக்கெட் கேட்ட கூட்டத்தைப் பார்த்து மார்வெல் அரங்குக்கு மாற்றினார்கள். 12,092 பேர். எஸென்டன் 26 புள்ளியில் ஜெயித்தது. நான் போனேன். எதிரி சட்டைக்காரி என்றுதான் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது குவார்ட்டரில் கைதட்டிவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது.

நடுவட்டம்:
அவருடைய தங்கை ஜார்ஜியும் 2021 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஜீலாங்குக்குப் போனார். அக்காவும் தங்கையும் எதிரெதிர் அணியில் மிட்ஃபீல்டில் இடித்துக்கொள்வதைப் பார்ப்பது தனி சுகம். மேசையில் இட்லிக்குச் சண்டை போடுவது மாதிரி இருக்கும். (ராம்ஸியில் இட்லி இருக்காது, தெரியும்.) அப்பா அம்மா எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

வெரிபி_அம்மா:
ஜீலாங் எங்களுக்குப் பக்கம்தான். அடுத்த முறை அக்கா தங்கை ஆட்டம் வந்தால் யாராவது இங்கே போடுங்கள், மகளைக் கூட்டிப்போகிறேன். இன்னொரு உதவி: பெண்கள் லீகில் சைஸ் 4 பந்து என்றார்கள், ஆண்களுடையதைவிடச் சின்னது. அவள் அதையேதான் வாங்கித் தர வேண்டும் என்று அடம். ஒன்பது வயதுக்கு அது பெரிதா?

கிழக்குத்திண்ணை:
பெரிது. சைஸ் 2 வாங்குங்கள், ரப்பர் மாதிரி செயற்கைத் தோலில் வரும், மழையில் ஊறாது. உதைக்கும் காலும் நோகாது. அடம் அடங்கவில்லை என்றால் சைஸ் 4 ஒன்றை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

வெரிபி_அம்மா:
அலமாரியில் வைத்தால் அரை மணி நேரம்கூடத் தங்காது. ஆனாலும் நன்றி. சைஸ் 2.